ரயில் ஏற்றிவிட வந்தவர் பெட்டிக்குள் ஏறலாமா?

புதுச்சேரியிலிருந்து ஹவுராவுக்கோ புது டெல்லிக்கோ வாராந்திர வண்டி கிளம்புகிற நாளில் நடைமேடைக்குப் போனால், பெட்டிக்குள் நிற்பவர்களில் பலர் எங்கேயும் போகாதவர்கள். அம்மாவின் சூட்கேஸை சீட்டுக்கு அடியில் தள்ளிப் பூட்டுப் போடும் மகன் இருப்பார். ஜிப்மர் மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் அண்ணனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து கீழ் பர்த்தில் படுக்கவைக்கும் தம்பி இருப்பார். ஆசிரமத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும் முதியவரின் பைகளைத் தூக்கி வந்த விடுதி ஊழியரும் இருப்பார். இவர்களில் யாரிடமும் அந்த வண்டிக்கான பயணச்சீட்டு கிடையாது. சிலரிடம் பிளாட்பாரம் டிக்கெட் இருக்கும், சிலரிடம் அதுவும் இருக்காது.

இவர்கள் அங்கே நிற்பது குற்றமா? "பிளாட்பாரம் டிக்கெட் வாங்கியாச்சு, உள்ளே போய்ட்டு வரலாம்" என்பார் ஒருவர். "ஏறினாலே 250 ரூபாய் அபராதம்" என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதிதான் சரி.

முதலில் சட்டம். 1989-ம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 55-வது பிரிவு, உரிய சீட்டோ பாஸோ இல்லாமல், அல்லது அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியரின் அனுமதி இல்லாமல், யாரும் ரயில் பெட்டிக்குள் நுழையவோ இருக்கவோ கூடாது என்கிறது. ஆனால் அந்தத் தடையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வருகிறது: பயணியாகப் பயணம் செய்யும் நோக்கத்தோடு நுழைபவரைப் பற்றித்தான் அந்தப் பிரிவு பேசுகிறது. ஏமாற்றும் எண்ணத்தோடு டிக்கெட் இல்லாமல் போகிறவரைத் தண்டிக்கும் 137-வது பிரிவிலும் நோக்கம்தான் அடிப்படை. அப்பாவின் பையை பர்த்தில் வைத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும் மகள் இந்த இரண்டுக்குள்ளும் எளிதில் அடங்கமாட்டார். டிக்கெட் இல்லாப் பயணிகளுக்காக எழுதிய சட்டத்தை வழியனுப்ப வந்தவர் மேல் அப்படியே போர்த்த முடியாது.

அதனால் ஏறுவது அவருடைய உரிமை என்று ஆகிவிடாது. பிளாட்பாரம் டிக்கெட் பெயருக்கேற்றபடி பிளாட்பாரத்துக்கு மட்டும்தான். இப்போது அதன் வழக்கமான விலை 10 ரூபாய். 2015 ஏப்ரலுக்கு முன்பு 5 ரூபாயாக இருந்தது. வாங்கியதிலிருந்து 2 மணி நேரம் செல்லும். நிலையத்துக்குள் வரவும் நடைமேடையில் நிற்கவும் அது போதும். பெட்டியின் படியில் கால் வைத்ததும் அதன் எல்லை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் உள்ளே இருப்பது ஊழியர்கள் கண்டுகொள்ளாமல் விடுவதால்தான். இதற்கு 147-வது பிரிவு முக்கியம். ரயில்வே இடத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது ஒரு குற்றம். முறையாக நுழைந்திருந்தாலும், வெளியே போகச் சொன்ன பிறகு போக மறுப்பதும் அதே பிரிவில் வரும் குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்) "இறங்குங்க" என்று சொன்ன பிறகு "இதோ ஒரு நிமிஷம் சார், வெயிட்டான பெட்டி" என்று வாதம் செய்வதில் பொருளில்லை. அவர் சொன்ன கணத்தில் உங்கள் நிலை மாறிவிடுகிறது.

நடைமுறையில் டிடிஇ-க்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புறப்படும் நேரம் நெருங்கினால் "வழியனுப்ப வந்தவங்க எல்லாம் இறங்கிடுங்க" என்று ஒரு குரல் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இந்தச் சகிப்புக்குக் காரணம் ஊழியர்களின் நல்ல மனசு மட்டும் இல்லை. நம் ரயில்களின் அமைப்பே இன்னொரு கையைக் கேட்கிறது. அகலப் பாதையில் உயர்மட்ட நடைமேடை என்பது தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம். பெட்டியின் தளம் அதைவிட இன்னும் உயரத்தில் இருக்கிறது. நல்ல நடைமேடையிலேயே, இடைவெளியைத் தாண்டி, குறுகலான வாசலில் செங்குத்தான படியில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். முழங்கால் தேய்ந்த 70 வயதுப் பாட்டி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் 20 கிலோ பையைத் தூக்கி ஏறுவது நடக்காத காரியம். சிவப்புச் சட்டைப் போர்ட்டர்கள் பெரிய சந்திப்புகளில் கிடைப்பார்கள். சின்ன நிலையத்தில் தேடினாலும் கிடைப்பது அரிது. சக்கர நாற்காலி கேட்டால் நிலைய அதிகாரி அலுவலகத்தில் தருவார்கள், ஆனால் அது பெட்டி வாசலோடு நின்றுவிடும். வாசலிலிருந்து பர்த் வரை யார் அழைத்துப் போவது? அங்கேதான் மகனும் மகளும் தம்பியும் தேவைப்படுகிறார்கள். அந்த வேலையைச் செய்ய ஆள் வைக்காத ஒரு நிர்வாகம் அதைச் செய்யும் உறவினரைத் தண்டிக்காமல் விடுவது குறைந்தபட்ச நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

சகிப்பு குறையும் இடங்களும் உண்டு. முன்பதிவில்லாப் பெட்டியில் துண்டு போட்டு இடம்பிடிக்க ஏறுகிறவர்கள் ஒன்று. தானும் போகாமல், போகிறவரும் இன்னும் வராத நிலையில் நான்கு பேர் இடத்தை அடைத்து உட்கார்ந்தால், டிக்கெட் வாங்கி நிற்கும் பயணிக்குக் கோபம் வருவது சரிதானே? மகளிர் பெட்டி இன்னொன்று. பெண்களுக்கென ஒதுக்கிய பெட்டியில் தக்க காரணமில்லாமல் ஆண் நுழைந்தால் 162-வது பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. மனைவியின் பையை ஏற்றிவைத்தேன் என்பது காரணமாக ஏற்கப்படலாம், ஏற்கப்படாமலும் போகலாம். பையை வாசலில் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் பெண்களிடம் "கொஞ்சம் பார்த்துக்கோங்க அக்கா" என்று சொல்வதே மேல்.

இதே செயல் புதுச்சேரியில் ஒரு மாதிரி, கடலூரில் வேறு மாதிரி. இந்தப் பகுதியில் இருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான் என்பேன்.

புதுச்சேரி முனைய நிலையம். 1879-ல் விழுப்புரத்திலிருந்து போட்ட கிளைப்பாதை இங்கே வந்து முடிகிறது, இதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. டெல்லி, ஹவுரா, புவனேஸ்வர், தாதர், மங்களூரு, கன்னியாகுமரி என்று எந்த நெடுந்தூர வண்டியானாலும் இங்கிருந்துதான் தொடக்கம். காலிப் பெட்டிகளை நேரத்துக்கு முன்பே நடைமேடையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். உறவினர் ஏறி, பையை வைத்து, தண்ணீர் பாட்டிலை மாட்டி, பக்கத்து சீட்டுக்காரரிடம் "எந்த ஊர் சார்? அம்மா தனியா வராங்க" என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு நிதானமாக இறங்க நேரம் இருக்கிறது. கடலூர் துறைமுகம் சந்திப்பிலும், 2024-ல் அங்கே வரை நீட்டித்த மைசூரு எக்ஸ்பிரஸுக்கு இதே வசதி உண்டு, ஏனென்றால் அது அங்கிருந்தே புறப்படுகிறது.

திருப்பாதிரிப்புலியூர் அப்படி இல்லை. கடலூர் நகரத்துக்காரர்கள் அதிகமாகப் பயன்படுத்தும் நிலையம் அது. சோழன், உழவன் போன்ற வண்டிகள் வேறெங்கிருந்தோ வந்து, நின்று, வேறெங்கோ போகின்றன. நிற்பது ஓரிரு நிமிடம். அந்த நேரத்துக்குள் முதலில் இறங்க வேண்டியவர்கள் இறங்க வேண்டும். பிறகு ஏற வேண்டியவர்கள் ஏற வேண்டும். எஸ்-4 எங்கே நிற்கும் என்று தெரியாமல் எஸ்-9 பக்கம் நின்றவர்கள் பெட்டியோடு ஓடிவர வேண்டும். இதற்கு நடுவில் உறவினரும் உள்ளே ஏறி, நடைபாதையில் எதிரே வருபவர்களை விலக்கிக்கொண்டு பர்த்தைக் கண்டுபிடித்து, பையை வைத்துத் திரும்பி, அதே நடைபாதையில் வாசலுக்கு வந்து சேர நேரம் போதாது. கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். வண்டி தாமதமாக வந்தால் நிலைமை இன்னும் மோசம். விட்ட நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்பதால் கூடுதலாக ஒரு விநாடியும் நிற்கமாட்டார்கள்.

ஏசி பெட்டியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜன்னல்கள் அடைத்த இரட்டைக் கண்ணாடி. எஞ்சினின் ஊதல் சரியாகக் கேட்காது. இப்போது இந்தப் பாதைகளில் ஓடுவது மின்சார எஞ்சின், இழுப்பும் மென்மையாக இருக்கிறது. திரைச்சீலைக்குள் குனிந்து பையைத் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு வண்டி நகர்ந்தது தெரிவதற்குள் நடைமேடையில் பாதி போயிருக்கும். பதறிப்போய் வாசலுக்கு ஓடி வருவார். உள்ளே அம்மா "இறங்காதேப்பா" என்பார், கீழே நிற்பவர்கள் "குதி, குதி" என்பார்கள்.

குதிக்கவே கூடாது. ஓடும் வண்டியிலிருந்து இறங்கும்போது கால் தரையில் நின்றுவிடும், உடம்பு மட்டும் வண்டியின் வேகத்தில் முன்னே போகும். வண்டி போகும் திசையைப் பார்த்து இறங்கிப் பழகியவர்களே தடுமாறுவார்கள். பழக்கமில்லாதவர்கள் கம்பியைப் பிடித்தபடி எதிர்த் திசையைப் பார்த்து இறங்கி, மல்லாந்து விழுந்து, படிக்கும் நடைமேடைக்கும் நடுவிலிருக்கும் இடைவெளிக்குள் சிக்குவார்கள். ரயில்வே பாதுகாப்புப் படையினர் நடைமேடையில் ஓடிப்போய் இப்படி விழுந்தவர்களை இழுத்துக் காப்பாற்றும் சிசிடிவி காட்சிகளை அடிக்கடி பார்க்கிறோம். எல்லா நடைமேடையிலும், எல்லா வாசலுக்கு நேராகவும், ஒரு காவலர் நிற்கமாட்டார்.

அபாயச் சங்கிலியை இழுப்பதும் வழியல்ல. போதிய காரணம் இல்லாமல் இழுத்தால் 141-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழியனுப்ப வருகிறவர்களும் சங்கிலி இழுப்பும் எவ்வளவு தொடர்புள்ளவை என்பதற்கு மும்பையில் நடந்த ஒன்று நல்ல சான்று. 2022 மே மாதம் கோடை நெரிசலில் சங்கிலி இழுப்பு அதிகமானதும், மத்திய ரயில்வே தாதர், தாணே, கல்யாண் உள்ளிட்ட நிலையங்களில் பிளாட்பாரம் டிக்கெட்டை இரண்டு வாரத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்த்தியது. டிக்கெட் விலை ஏறினால், வழியனுப்ப வருகிறவர் குறைவார், அவர் குறைந்தால் சங்கிலியும் இழுபடாது என்பது கணக்கு. நம் ஊரிலிருந்து தாதர் வண்டியில் போன குடும்பங்கள் திரும்பி வரும்போது அந்த 50 ரூபாயைக் கொடுத்துத்தான் உறவினர்களை நடைமேடைக்கு வரச் சொல்லியிருக்கும்.

இந்த 10 ரூபாய்ச் சீட்டைப் பற்றி அதிகம் பேர் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு, ரயிலிலிருந்து தவறி விழுவது போன்ற அசம்பாவிதங்களுக்கு, யார் தவறு என்று பார்க்காமல் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த இழப்பீடு "பயணி"க்கு உரியது. பயணி என்றால் யார் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்லும்போது, வண்டியில் பயணம் செய்யச் செல்லுபடியாகும் சீட்டு வாங்கியவரோடு, செல்லுபடியாகும் பிளாட்பாரம் டிக்கெட் வைத்திருப்பவரையும் சேர்க்கிறது. உயிரிழப்புக்கான தொகை 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம் ரூபாய். அதற்கு முன்பு 4 லட்சமாக இருந்தது.

இழப்பீட்டு வழக்குகளில் ரயில்வே தரப்பு வழக்கமாகச் சொல்வது "அவரே கவனக்குறைவாக நடந்துகொண்டார்" என்பது. 2008-ல் பிரபாகரன் விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கேரளத்தில் ரயிலில் ஏற முயன்று விழுந்து இறந்த ஒரு பெண்ணின் குடும்பம் தொடர்ந்த வழக்கு அது. 2018-ல் ரீனா தேவி வழக்கில் நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஏறும்போதோ இறங்கும்போதோ ஏற்படும் சாவும் காயமும் அசம்பாவிதமே. வெறும் கவனக்குறைவை "தனக்குத் தானே விளைவித்துக்கொண்ட காயம்" என்று சொல்ல முடியாது. உடலருகே டிக்கெட் கிடைக்கவில்லை என்பது மட்டுமே கோரிக்கையைத் தள்ளக் காரணமாகாது. வழியனுப்ப வந்தவரின் வழக்கில், பிளாட்பாரம் டிக்கெட் பெட்டிக்குள் செல்லுபடியாகாது என்று ரயில்வே எதிர்வாதம் வைக்கலாம். அதைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் சீட்டு கையில் இருப்பவரின் குடும்பத்துக்குச் சட்டத்தின் வரியே துணை நிற்கிறது. அது இல்லாதவரின் குடும்பம், அவர் எதற்காக அங்கே இருந்தார் என்பதிலிருந்தே நிரூபிக்கத் தொடங்க வேண்டும். விண்ணப்பம் ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், கால வரம்பு ஓராண்டு, சென்னையில் அமர்வு இருக்கிறது. "ஐந்து நிமிஷ வேலைக்கு எதுக்குப் பிளாட்பாரம் டிக்கெட்?" என்று கேட்பவர்களுக்கு அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதைவிட இதைச் சொல்வது பயன்படும். கவுன்டரில் வரிசை நீளமாக இருந்தால் கைபேசியில் ரயில்வே செயலியிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

சில நாட்களில் அந்தச் சீட்டே கிடைக்காது. நடைமேடை தாங்கும் அளவைப் பார்த்துத்தான் அதை விற்கிறார்கள், பண்டிகை நெரிசலில் சில நிலையங்களில் விற்பனையையே நிறுத்திவிடுவார்கள். 2025 பிப்ரவரியில் புது டெல்லி நிலையத்தில் நெரிசலில் 18 பேர் இறந்த பிறகு, நெரிசல் மிகுந்த நிலையங்களில் உறுதியான டிக்கெட் உள்ளவர்களை மட்டும் நடைமேடைக்கு அனுமதிப்பது என்று ரயில்வே அமைச்சகம் முடிவெடுத்தது. புதுச்சேரியிலிருந்து டெல்லிக்கு அப்பா அம்மாவை அனுப்புகிறவர்கள், அங்கே பேரன் நடைமேடை வரை வர முடியுமா என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வந்தே பாரத் விஷயத்தில் மட்டும் எந்த நெகிழ்வும் இல்லை. புதுச்சேரிக்கு அந்த வண்டி வருவதில்லை. ஆனால் சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் விழுப்புரத்தில் நிற்கிறது, அதற்காக இங்கிருந்து போய் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் கதவுகள் தானியங்கி. ஓட்டுநர் மூடிவிட்டால் அடுத்த நிலையம் வரை திறக்காது, கெஞ்சினாலும் பயனில்லை. 2023 ஜனவரியில் ஆந்திராவின் ராஜமகேந்திரவரத்தில் வேறொரு வந்தே பாரத் வண்டிக்குள் படம் எடுக்க ஏறிய ஒருவர் கதவு மூடிக்கொண்டதால் விஜயவாடா வரை போக வேண்டியதாயிற்று. இறங்க விடச் சொல்லி அவர் டிக்கெட் பரிசோதகரிடம் கேட்கும் காணொளி நாடெங்கும் பரவியது. இந்த வகை வண்டிகள் கூடக் கூட, ஏற்றிவிட்டு இறங்கும் பழக்கம் தானாகவே வாசலோடு நின்றுவிடும். முதியவர்களுக்கு அது நல்லதா என்றால், உள்ளே உதவ ஆள் வைத்தால் மட்டும்தான் நல்லது.

வெளிநாடுகளில் இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்தால் இரண்டு முனைகள் தெரிகின்றன. ஜப்பானிலும் நடைமேடைச் சீட்டு உண்டு, ஆனால் அதை வைத்துப் பெட்டிக்குள் போகக் கூடாது என்பது அங்கே தெளிவான விதி. ரஷ்யாவின் நெடுந்தூர ரயில்களில் வழியனுப்ப வந்தவர்கள் உள்ளே போய் உட்கார்ந்து பேசுவது பழைய வழக்கம். புறப்படச் சில நிமிடங்களுக்கு முன்பு, அவர்களை இறங்கச் சொல்லி அறிவிப்பு வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் வாசலில் நிற்கும் ஊழியர் இருப்பதால் அது அங்கே நடக்கிறது. நமக்கு ரஷ்ய முறை பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் நம் டிடிஇ ஒருவரே பல பெட்டிகளைப் பார்க்கிறார். குறைந்தது புதுச்சேரி போன்ற முனைய நிலையத்திலாவது, புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு கொடுக்கலாம். திருப்பாதிரிப்புலியூர் போன்ற நிலையத்தில் அறிவிப்பு உதவாது. அங்கே தேவை, எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று சரியாகக் காட்டும் பலகையும், முதியவரைப் பர்த் வரை கொண்டுபோய் விடும் ஓர் உதவியாளரும். கடலூர்க்காரர்கள் கூடுதல் நிறுத்தம் கேட்டு மனு கொடுக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்து எழுதலாம்.

அதுவரை திருப்பாதிரிப்புலியூரில் ஏற்றிவிடப் போகிறவர்கள் பையை வாசலிலேயே உள்ளே தள்ளிவிட்டுக் கீழே நின்றுவிடுங்கள். பர்த் வரை தூக்கிவைக்கச் சக பயணி யாராவது கிடைப்பார், பெரும்பாலும் கேட்காமலேயே செய்வார். பயணி உண்மையிலேயே தனியாக நகர முடியாதவர் என்றால், சிதம்பரம் வரையோ விழுப்புரம் வரையோ உங்களுக்கும் ஒரு முன்பதிவில்லா டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடவே போய், உட்காரவைத்துவிட்டு இறங்குவதே நிம்மதி. பகலில் அந்தச் செலவு ஒரு சாப்பாட்டு விலைக்குள் அடங்கும். முன்பதிவுப் பெட்டியில் அந்த டிக்கெட் செல்லாது என்பதால் ஏறியதும் டிடிஇ-யிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் மீறி வண்டி உங்களோடு கிளம்பிவிட்டதா? வாசலை விட்டு விலகி உள்ளே வாருங்கள். டிடிஇ உங்களைத் தேடி வரும் வரை காத்திராமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பிளாட்பாரம் டிக்கெட்டைக் காட்டினால் நீங்கள் எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்பதற்கு அது சான்று, கட்டணத்தை அங்கிருந்துதான் கணக்கிடுவார்கள். அது இல்லையென்றால் வண்டி புறப்பட்ட இடத்திலிருந்தே கேட்க வாய்ப்புண்டு. கட்டணத்தோடு 138-வது பிரிவின்படி குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நடைமேடையில் காத்திருக்கும் வீட்டாருக்கு உடனே போன் செய்யுங்கள், யாரும் வண்டி பின்னால் ஓட வேண்டாம். புதுச்சேரியிலிருந்து கிளம்பிய வண்டி என்றால் விழுப்புரம் சுமார் 38 கிலோமீட்டர்தான், அங்கிருந்து ஊர் திரும்பப் பேருந்து கிடைத்துக்கொண்டே இருக்கும்.